ஏறாத ஹீமோகுளோபினுக்கு எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு (46) இரண்டு வருடம் முன்பு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கிரியாட்டினின் 1.4. ஆனால் ஹீமோகுளோபின் 9.2-லேயே நிற்கிறது. வாரம் இரண்டு எரித்ரோபாய்ட்டின் (ரத்த சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் ஹார்மோன்) ஊசி, ஒன்று 1,200 ரூபாய். நான்கு மாதமாகப் போட்டும் ஏறவில்லை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான், மாதம் 60,000. 4 லட்சம் எஃப்டியை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா? குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு வருமான வரிக் கழிவு தரும் 80டிடிபி பிரிவில் வரி மிச்சமாகுமா?

பதில்: மாதம் 9,600 ரூபாய் போகிறது, பலன் இல்லை. அப்படியிருக்க எஃப்டியா நகையா என்பது இரண்டாவது கேள்வி.

கிரியாட்டினின் 1.4 என்றால் மாற்றிய சிறுநீரகம் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. எரித்ரோபாய்ட்டினை அதுவே சுரக்கும். எனவே ரத்தசோகைக்கு வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். முதல் சந்தேகம் இரும்புச்சத்து. அது இல்லாமல் இந்த ஊசி போடுவது மாவு இல்லாமல் அடுப்பை மட்டும் எரிப்பது போல. ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிசாட் (ரத்தத்தில் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் இரும்பைக் காட்டுவது) இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டிசாட் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இரும்பு போதவில்லை என்று பொருள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினாலும், கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் எடுத்தாலும் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. அப்போது நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அடுத்து, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் மருந்துகள்: மைக்கோஃபீனோலேட், வால்கான்சிக்ளோவிர், கோட்ரைமாக்சசோல் மூன்றுமே எலும்பு மஜ்ஜையை அமுக்கக்கூடியவை. ரத்த அணு உற்பத்தியைத் தடுக்கும் பார்வோ வைரஸ் தொற்றும் உண்டு. காரணம் அந்த வைரஸானால் இந்த ஊசி பெரிதாக உதவாது. இவற்றை நெஃப்ராலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். செலவைக் குறைக்க நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ, டாக்ரோலிமஸ் (மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) பிராண்டை மாற்றவோ கூடாது. அதில் அளவு பிசகினால் சிறுநீரகமே போய்விடும் ஆபத்து உண்டு.

ஊசி தொடர வேண்டும் என்றால் விலையை மாதக் கணக்கில் ஒப்பிடுங்கள். இதே வகையில் நீண்ட நேரம் வேலை செய்யும் டார்பெபோய்ட்டின் ஒரு ஊசி விலை அதிகம், ஆனால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒன்று போதும். எம்ஆர்பி-க்கும் மொத்த மருந்துக்கடை விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். மூன்று இடத்தில் கேளுங்கள், மக்கள் மருந்தகம் உட்பட. தள்ளுபடி என்று மூன்று மாதத்துக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. ஒரு நீண்ட மின்வெட்டு போதும். உறைந்தாலும் வீண். ஹீமோகுளோபின் 11.5 நெருங்கினால் அளவைக் குறைப்பது வழக்கம். 13-ஐத் தாண்டினால் ரத்தக்கட்டு, பக்கவாத ஆபத்து வேறு. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை கண்டிப்பாக வேண்டும்.

'ரத்தம் ஏற்றினால் மலிவாக முடியுமே' என்று யாராவது சொல்வார்கள். அவசரமில்லாமல் வேண்டாம். உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருட்களால், பின்னால் இன்னொரு சிறுநீரகம் தேவைப்பட்டால் பொருத்தம் கிடைப்பது கடினமாகும்.

80டிடிபி-யில் 40,000 ரூபாய் வரை கழிக்கலாம், ஆனால் பழைய வரிமுறையில் மட்டும். ஆண்டுக்கு 7.2 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. ஆகவே இதற்காக மாற வேண்டாம்.

மெடிக்ளெய்மில் வெளிநோயாளி ஊசிகளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. க்ளெய்முக்காக ஓர் இரவு அட்மிட் ஆவதும் வேண்டாம். 'அவசியமில்லாத அனுமதி' என்று நிராகரிப்பார்கள், நோயெதிர்ப்பு குறைந்தவருக்கு மருத்துவமனைத் தொற்று வேறு.

நகைக்கடன் மாதாந்தரச் செலவுக்கு ஏற்றதல்ல. அசலை எதிலிருந்து அடைப்பீர்கள்? எஃப்டி முதிரும்போது ஒரு லட்சம் வீதம் நான்காகப் பிரித்துப் போடுங்கள். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற மூன்றின் வட்டி கெடாது. அதுவரை பரிசோதனைச் செலவைச் சம்பளத்திலிருந்தே கொடுங்கள்.