நடுவான தோற்றமுள்ள தவளை கலப்பினம்தானா?

கேள்வி: ஒரே குளத்தில் நெருங்கிய இரண்டு தவளை இனங்கள் இருக்கின்றன. இரண்டின் சாயலும் கலந்த சில தவளைகள் கிடைத்தன. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தால் அவை முதல் இனம் என்றே வருகிறது. கலப்பு இல்லை என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் வருவது. தகப்பன் யார் என்பது அதில் தெரியாது. அதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ. வேண்டும்.

இரு இனங்களுக்கும் திட்டவட்டமாக வேறுபடும் மரபணுக் குறியீடுகளை, அதாவது அடையாளமாகப் பயன்படும் டி.என்.ஏ. இடங்களை, தேர்ந்தெடுங்கள். முதல் தலைமுறைக் கலப்பினத்தில் ஒவ்வொரு குறியீட்டிலும் இரண்டு இனங்களின் வடிவமும் இருக்கும். அது மறுபடி பெற்றோர் இனத்தோடு சேர்ந்து பெற்ற வாரிசில் சராசரியாகப் பாதிக் குறியீடுகளில்தான் இரண்டு வடிவமும் இருக்கும். ஐந்தே குறியீடு பார்த்தால், அத்தகைய வாரிசுகளில் 32க்கு ஒன்று முதல் தலைமுறை போலவே தெரியும். பத்து பார்த்தால் 1,024க்கு ஒன்று.

சரி, இனி முக்கியமான எச்சரிக்கை. திசுவை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பும் தரகர்கள், ஒவ்வொரு தவளையிலும் எந்த இனத்தின் பங்கு எவ்வளவு என்று மென்பொருள் கணித்து நிறத்தில் காட்டும் வண்ணப் பட்டை வரைபடம் ஒன்றையும் சேர்த்துத் தருவார்கள். அதை நம்பி முடிவு எழுதாதீர்கள். இரண்டு குழுவாகப் பிரி என்று சொன்னால் மென்பொருள் எதையும் பிரித்துவிடும். ஒரே இனம் மட்டும் வாழும் இடங்களிலிருந்து எடுத்த தூய மாதிரிகள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த நிறங்களுக்கு அர்த்தமே இல்லை. மூலத் தரவைக் கேளுங்கள். தர மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். தூய மாதிரி ஏன் குறைவு என்று கேட்கும் அதே அனுமதிக் குழுக்கள்தான், டி.என்.ஏ.வுக்காகத் தவளையின் வாயில் பஞ்சை ஒற்றி எடுக்கும் அனுமதியை மாதக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. கோபம் வரத்தான் செய்கிறது.

ஒரு விதிவிலக்கு மட்டும் கவனம். ஐரோப்பாவின் பெலோபிலாக்ஸ் எஸ்குலென்டஸ் என்ற தவளையை 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் தனி இனமாகவே பெயரிட்டார். உண்மையில் அது லெசோனே, ரிடிபண்டஸ் ஆகிய இரண்டு தவளை இனங்களின் கலப்பினம். பல இடங்களில் அது முட்டையோ விந்தோ உருவாகும் முன் லெசோனே பங்கை உதறிவிட்டு, ரிடிபண்டஸ் பங்கை அப்படியே கடத்துகிறது. பிறகு லெசோனேயோடு சேர்ந்தால் மறுபடியும் அதே கலப்பினம். எத்தனை தலைமுறை கடந்தாலும் பரிசோதனையில் முதல் தலைமுறை போலவே வரும். தென் ஸ்வீடனில் கலப்பினங்கள் மட்டுமே வாழும் குளங்கள்கூட உண்டு. அங்கே வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று மரபணுத் தொகுதி கொண்ட தவளைகளும் இருக்கின்றன.

உங்கள் தவளைகள் அத்தனையும் முதல் தலைமுறையாகவே வந்தால், மூன்று தொகுதி உள்ளதா என்று அறிய செல்லில் உள்ள டி.என்.ஏ. அளவையும் பாருங்கள், அப்புறம் அவற்றின் வாரிசுகளையும் சோதியுங்கள்.