கொட்டில் பக்கம்: பவுனு மறுபடி ஓடுவாளா?

கேள்வி: எங்கள் வீட்டுக் குதிரை பவுனுக்கு 11 வயது. அப்பா அவளை ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சவாரி விடுவார், சீசன் இல்லாத நாட்களில் நான் ஏறுவேன். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது வீட்டுக்கு வந்தவள், என் குரல் கேட்டாலே கனைப்பாள். போன அக்டோபர் மழையில் வில்பட்டி இறக்கத்தில் வழுக்கி, இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் வீங்கிவிட்டது. தசைநாரில் அடி என்று டாக்டர் ஊசி போட்டு ஓய்வில் வைக்கச் சொன்னார். நான்கு மாதமாக லாயத்திலேயே நிற்கிறாள். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, நடக்கும்போது நொண்டவில்லை. ஏப்ரல் சீசனுக்கு ஏரிக்குக் கொண்டுபோகலாம் என்கிறார் அப்பா. காலில் சூடு போட்டால்தான் நிலையாகக் குணமாகும் என்கிறார் சித்தப்பா. எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. அவள் மேல் நான் மறுபடி ஏற முடியுமா?
– வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: ஏற முடியும் என்றுதான் நினைக்கிறேன்மா. ஆனால் இந்த சீசனுக்கு அவளைச் சவாரித் தொழிலில் விடவே கூடாது, இதை அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே சொல்லுங்கள்.

சித்தப்பா சொல்லும் சூட்டை முதலில் தள்ளிவிடலாம். தசைநார் அடிக்குச் சூடு போடுவது உலகம் முழுக்க இருந்த பழக்கம், நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் குதிரைகளிலேயே சோதித்துப் பார்த்து, சூட்டினால் தசைநார் ஆறுவதில் எந்த நன்மையும் இல்லை என்று 1983-ல் எழுதிவிட்டார்கள். சூடு பட்ட குதிரைக்கு வலியால் கட்டாய ஓய்வு கிடைக்கும், அந்த ஓய்வில் கொஞ்சம் தேறும், பெயர் சூட்டுக்குப் போய்விடும். பவுனுக்கு அந்த வேதனை வேண்டவே வேண்டாம்.

இப்போது கால் விஷயம். குதிரையின் உடல் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது, எலும்பும் தசைநாரும் தோலும்தான், அதனால் வழுக்கும்போது வருகிற இழுப்பு மொத்தத்தையும் அந்தப் பின்பக்கத் தசைநார்தான் வாங்கிக்கொள்கிறது. அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. இழைகள் அறுந்த இடத்தில் முதலில் உருவாவது ஒழுங்கில்லாத, வலுவில்லாத தழும்பு. அது இழைகளாக நேராகி, பாரம் தாங்கும் அளவுக்கு முதிர்வதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும், அப்போதும் பழைய நெகிழ்வு முழுதாக வராது. வீக்கமும் வலியுமோ சில வாரங்களிலேயே போய்விடும். நொண்டல் நின்றதும் ஏறி ஓட்டி, அதே இடத்தில் மறுபடி அறுந்து, இரண்டாம் தடவை முன்னைவிட மோசமாகிப் போன குதிரைகள் நிறைய. எனக்கு உங்கள் அப்பாவின் அவசரம் புரிகிறது, ஏப்ரல் மே வருமானத்தில்தான் வருடம் ஓடுகிறது. ஆனால் இந்த ஒரு சீசனை விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த வருடங்களுக்கு பவுனு இருப்பாள்.

அப்படியென்றால் லாயத்திலேயே கட்டிப்போட வேண்டுமா என்றால், அதுவும் கூடாது. தழும்பின் இழைகள் சரியான திசையில் அடுக்கப்படுவதற்கு அளவான இழுப்பு தேவை, அதைக் கொடுப்பது நடைதான். உண்மையில் ஆரம்ப வாரங்கள் கழிந்ததுமே கையில் பிடித்து நடத்த ஆரம்பித்திருக்கலாம். சரி, இன்று தொடங்கினாலும் பலன் உண்டு.

தொடங்கும் முன் ஒரு சோதனை. வலி மருந்து எதுவும் சில நாட்களாகக் கொடுக்கப்படாமல் இருக்க வேண்டும், மருந்து நொண்டலை மறைத்துவிடும். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஒருவர் அவளை முதலில் நடத்தட்டும். நடை சுத்தமாக இருந்தால் ஒரு இருபது முப்பது மீட்டர் மெதுவாக டிராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான மெல்லோட்டம், ஓட்டிப் பார்க்கலாம், டாக்டர் பக்கத்தில் இருந்தால் நல்லது. நீங்கள் தலையை மட்டும் பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையைத் தொடும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். போனில் மெதுவான வேகத்தில் வீடியோ எடுத்தால் கண்ணுக்குத் தப்புவதும் தெரியும். தலை ஆடினால் நடைப் பயிற்சியையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

அப்புறம், முடிந்தால் தசைநாரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். வெளியில் இருந்து கை வைத்துப் பார்ப்பதில் தெரியாத ஓட்டை ஸ்கேனில் கருப்பாகத் தெரியும். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குதிரைக்கு ஸ்கேன் பார்க்க முடியுமா என்று உங்கள் டாக்டர் மூலமாகவே முதலில் போனில் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் மலைப்பாதையில் லாரியில் நின்றுகொண்டு வளைவுக்கு வளைவு காலை ஊன்றிச் சமாளிப்பதே அவளுக்குப் பெரிய வேலை. கையில் எடுத்து வரும் சின்ன ஸ்கேன் கருவி உள்ள டாக்டர் மேலே வருவதானால் அதுதான் நல்லது. ஒரு தடவையோடு முடிவதில்லை, டிராட் தொடங்கும் முன் ஒன்று, வேக ஓட்டத்துக்கு முன் ஒன்று தேவைப்படும்.

நடையை இப்படி ஆரம்பியுங்கள். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம், கையில் பிடித்து. ஒரு வாரம் அப்படியே போகட்டும், பிறகு வாரத்துக்கு வாரம் ஒவ்வொரு நடையிலும் 5 நிமிடம் கூட்டுங்கள். நாயுடுபுரத்தில் எங்கே பார்த்தாலும் ஏற்ற இறக்கம்தான், ஆகவே இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடைக்கானலில் இதற்கு ஏரிச் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சுற்றி வர 5 கிலோமீட்டர் அளவு, பெரும்பகுதி சமமான சாலை, ஆனால் விடியற்காலையில், கார்களும் சைக்கிள்களும் வருவதற்கு முன்னால். முழுச் சுற்று என்றால் குதிரை நடையில் ஒரு மணி நேரம் ஆகிவிடும், அதனால் ஆரம்பத்தில் அன்றைய நடை நேரத்தில் பாதி வரை போய்விட்டுத் திரும்பி வந்த வழியே வாருங்கள். ஏரி வரைக்கும் போய்வருகிற தூரமும் கணக்கில் சேரும், மறக்க வேண்டாம். அது அதிகமாக இருந்தால் முதல் வாரங்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிற சமமான துண்டுச் சாலையில் போய்ப் போய் வந்தாலே போதும், அலுப்பாக இருக்கும், பரவாயில்லை. சேறும் ஆழமான மண்ணும் தசைநாரை இழுக்கும், நடைக்குத் தார்ச்சாலை நல்லது. டிராட் வந்த பிறகு தாரில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், அந்த அதிர்வு மூட்டுக்கும் குளம்புக்கும் ஆகாது. வட்டமாகச் சுற்ற விடவே வேண்டாம்.

நடை தலா 30 நிமிடத்தை எட்டி, இரண்டு வாரம் காலில் எந்த மாற்றமும் இல்லையென்றால், ஸ்கேனும் நன்றாக இருந்தால், நீங்கள் ஏறலாம். ஏறி உட்கார்ந்து நடை மட்டும். அனேகமாக ஏப்ரல் கடைசி, மே ஆகும். அதற்கும் ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து டிராட், முதலில் நேர்ச்சாலையில் இரண்டு நிமிடம், பிறகு மெதுமெதுவாகக் கூட்டி. நாலுகால் பாய்ச்சல் அடிபட்டு ஒரு வருடம் ஆகும் வரை யோசிக்கவே வேண்டாம். இறக்கங்களில் இறங்கி நடத்திக்கொண்டு வாருங்கள், இறக்கத்தில் முன்னங்கால் பாரம் இன்னும் கூடும். வில்பட்டி இறக்கம் இந்த வருடம் முழுக்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் காலையில், வேலைக்கு முன்னால், இரண்டு முன்னங்கால்களையும் பின்பக்கமாகத் தடவிப் பாருங்கள். சூடு, தடிப்பு, அழுத்தினால் காலை இழுத்துக்கொள்வது. இதில் ஏதாவது இருந்தால் நடை நிற்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் காலில் விடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். கொடைக்கானல் தண்ணீர் குளிர்ச்சிக்குச் சொல்லவா வேண்டும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் மிகப் பெரிய கவலை அவள் சந்தோஷம்தான். நான்கு மாதம் அடைந்து கிடந்த குதிரை வெளியே வந்ததும் துள்ளும், ஒரே ஒரு துள்ளலில் எல்லாம் போய்விடும். அதனால் வெறும் கழுத்துக் கயிறு போதாது, கடிவாளம் போட்டு நடத்துங்கள், கையுறையும் ஹெல்மெட்டும் உங்களுக்கு. நம் ஊர் வழக்கப்படி மேய்ச்சலுக்கு அவிழ்த்து விட்டுவிடாதீர்கள், நாய் துரத்தினாலே போதும். வெயிலில் நிற்க வேண்டுமென்றால் லாயத்தை ஒட்டி நாலு எட்டு வைத்துத் திரும்புகிற அளவுக்குச் சின்ன வேலி கட்டுங்கள்.

தீனியையும் சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாத குதிரைக்கு வேலை நாளின் கொள்ளும் தவிடும் கொடுத்தால் உடம்பு ஏறும், துள்ளலும் கூடும், குளம்புக்குள் அழற்சி வந்து வேறொரு நொண்டலும் சேரலாம். புல்லையும் காய்ந்த புல்லையும் பிரதானமாக வைத்துக்கொண்டு, வேலை கூடக் கூட மட்டும் கொள்ளைக் கூட்டுங்கள். இன்னொன்று, நம் மலைகளில் எங்கும் படர்ந்திருக்கிற கிக்குயு புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் அதே பக்கம்தான் இழுக்கும். கிக்குயுவும் தவிடுமே உணவாக இருக்கும் குதிரைக்கு எலும்பு மெலிந்து, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று காரணம் தெரியாத நொண்டல் வருவதுண்டு. சுண்ணாம்புச் சத்துக் கலவை எவ்வளவு தரலாம் என்று டாக்டரைக் கேளுங்கள், குதிரைமசால் கிடைத்தால் அதையும் சேருங்கள்.

லாடம் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான்கு மாதமாக அப்படியே விட்டிருந்தால் குளம்பின் முன்பக்கம் நீண்டு குதிகால் தாழ்ந்திருக்கும், அது அடிபட்ட அதே தசைநாரைத்தான் இழுக்கும். நடை ஆரம்பிப்பதற்கு முன் லாடக்காரரை வரவழையுங்கள், அப்புறம் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை. தேய்ந்து வழுவழுப்பான லாடத்தோடு ஈரத் தாரில் போவதுதான் அடுத்த விபத்து. சேணத்தையும் ஏறும் முன் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், முதுகுச் சதை குறைந்திருக்கும், பழைய சேணம் இப்போது எலும்பில் உரசும்.

கேள்வி: நேற்று மாலை நன்றாக இருந்த குதிரை இன்று காலை பின்னங்காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறது. வீக்கம் எதுவும் இல்லை. எலும்பு முறிந்திருக்குமா?
– வாசகர், பிங்கர்போஸ்ட், ஊட்டி

பதில்: ஒரே இரவில் இப்படி ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குளம்புக்குள் சீழ். மழை ஈரத்தில் மெத்தென்று ஆன குளம்பில் கல்லோ ஆணியோ குத்தி உள்ளே கட்டிவிடும். குளம்பு சூடாக இருக்கும், கணுக்காலின் பின்பக்கம் நாடி விம்மித் துடிக்கும். முறிவும் இருக்கலாம், அதனால் நடக்க வைக்காதீர்கள், டாக்டர் பார்க்கட்டும். சீழ் வெளியேற வழி செய்துவிட்டால் அந்தக் குதிரை சில நாளில் நடக்கும், பார்ப்பவருக்கே ஆச்சரியமாக இருக்கும். குதிரைக்குத் தனுர்வாயு (டெட்டனஸ்) எளிதில் வரும், தடுப்பூசி போட்டதா என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று டைக்ளோபினாக் வலி ஊசி போட்டுவிடாதீர்கள், கால்நடைக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்டது, ஊசி போட்ட கால்நடை செத்து அதைத் தின்றால், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு அது விஷம். உங்கள் ஊர் மருந்தகத்தில் டாக்டர் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: மகனுக்காக ஒரு மட்டக்குதிரை வாங்கியிருக்கிறோம். என் கணவரும் ஏற ஆசைப்படுகிறார், அவர் 68 கிலோ. தாங்குமா?
– வாசகி, குன்னூர்

பதில்: ஒரு அளவு நாடா எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர், தோள்முனையில் இருந்து புட்ட முனை வரை நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவும் நீளமும் 150 என்றால் 284 கிலோ. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து அதில் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, 20-ஐத் தாண்டவே கூடாது, அதாவது 57 கிலோ. உங்கள் குதிரையும் அந்த அளவுதான் என்றால் கணவரும் 7 கிலோ சேணமும் சேர்ந்து 75, அதிலும் குன்னூர் மேட்டில். மகன் ஏறட்டும், அவர் லகானைப் பிடித்துக் கூட நடக்கட்டும்.