கருவாடு, பாக்கு, கத்தி: புற்றுநோய் பற்றிக் கடற்கரை வாசகர்கள் கேட்டவை

அப்பாவுக்கு 52 வயது, விசைப்படகில் போகிறவர். கடலில் தூக்கம் வரக்கூடாதென்று வெற்றிலை, பாக்கு, புகையிலையை இடது கன்னத்தில் அதக்கியே வைத்திருப்பார். அந்த இடத்தில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. வலியே இல்லையாம், குழம்பு பட்டால் மட்டும் எரிகிறதாம். இது புற்றா? (தங்கச்சிமடம்)

பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் வலி இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். நல்ல வெளிச்சத்தில், சுத்தமான துணியை விரலில் சுற்றிப் படலத்தைத் துடையுங்கள். வழித்துக்கொண்டு வந்தால் அநேகமாகப் பூஞ்சை. ஒட்டிக்கொண்டே இருந்தால் மருத்துவர்கள் லியூக்கோபிளாக்கியா என்கிற வெள்ளைப் படலமாக இருக்கலாம். அடுத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டோடு நின்றால், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் இறுகிக்கொண்டிருக்கலாம். காரம் எரிவதும் அதன் அடையாளங்களில் ஒன்று.

நாரை இறுக்குவது முக்கியமாகப் பாக்கு. அதிலுள்ள அரிகோலின் கொலாஜன் நாரை அளவுக்கு மீறி உண்டாக்கச் செய்கிறது. சுண்ணாம்பு தோலை அரிக்கிறது. புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் என்ற ரசாயனங்கள் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவில் ஒட்டி, அதன் எழுத்தைப் பிறழச் செய்கின்றன. அரிபட்ட தோலை ஆற்ற செல்கள் திரும்பத் திரும்பப் பிரியும்போது அந்தப் பிழையும் நகலாகிக்கொண்டே போகும். அதக்கிய இடத்திலேயே நோய் வருவது இதனால்தான். “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்” என்பவர்களும் தப்பவில்லை. புகையிலை சேராத பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது.

வெள்ளைப் படலங்களில் பெரும்பாலானவை புற்றாவதில்லை. வெள்ளைக்கு நடுவே சிவந்த திட்டு, கெட்டிப்பட்ட விளிம்பு, வாய் திறக்க முடியாமை இருந்தால் உடனே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இவை இல்லையென்றால், அதக்குவதை இன்றே நிறுத்தி, அந்தப் பக்கம் கூரான உடைந்த பல் இருந்தால் பல் மருத்துவரிடம் ராவிவிட்டு, 2 வாரம் பாருங்கள். மறையாவிட்டால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று மட்டும் தள்ளாதீர்கள்.

உம்மாவுக்கு மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. போன மாதம் வரை இல்லை. ஒரே மாதத்தில் புற்று வந்துவிடுமா? (கீழக்கரை)

தட்டுப்பட்டதுதான் போன மாதம். புற்றாக இருந்தால் அது தொடங்கிப் பல வருடம் ஆகியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. 10 முறை இரட்டித்தால் சுமார் ஆயிரம், 20 முறையில் 10 லட்சம், 30 முறையில் 100 கோடி. அந்த 100 கோடி சேர்ந்தால்தான் சுமார் 1 செ.மீ. கட்டி, உங்கள் சுண்டைக்காய். ஒருமுறை இரட்டிக்க 100 நாள் என்று வைத்தால் 3,000 நாள், அதாவது 8 வருடத்துக்கு மேல். கட்டிக்குக் கட்டி வேகம் மாறும், நடுவில் ஏராளமான செல்கள் செத்தும் போகும். ஆனால் இதே கட்டி இன்னும் 10 முறை இரட்டித்தால் சுமார் ஒரு கிலோ ஆகிவிடும். கைக்குத் தட்டுப்படும்போதே அதன் பயணத்தில் முக்கால்வாசி முடிந்திருக்கிறது.

அந்த முதல் செல் ஏன் கெட்டது? நாட்டுப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குப் பாயும் உண்டு, நங்கூரமும் உண்டு. ‘பிரி’ என்று தள்ளும் மரபணுக்கள் பாய். ‘நில்’ என்று பிடிப்பவை நங்கூரம். பாய் மரபணுவில் ஒரு பிரதி கெட்டாலே காற்றுப் பிடித்துவிடும். நங்கூர மரபணுக்கள் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டிரண்டு. பொதுவாக இரண்டும் அறுந்தால்தான் படகு நகரும். ஒரே செல்லின் வழியில் இப்படிப் பல பிழைகள் சேர வேண்டும். அதனால்தான் புற்று பெரும்பாலும் வயதானவர்களின் நோயாக இருக்கிறது. குடும்ப வழியில் வருவது 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். அவர்கள் பிறக்கும்போதே ஒரு நங்கூரம் அறுந்து பிறந்தவர்கள். மார்புப் புற்றில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 அப்படிப்பட்டவை.

கட்டி 1, 2 மி.மீ. தாண்ட வேண்டுமென்றால் அதற்கென்று ரத்தக்குழாய் வேண்டும். அது தானே சமிக்ஞை அனுப்பிப் பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை வரவழைத்துக்கொள்ளும். பிறகு சில செல்கள் தமக்கு அடியில் வேலிபோல் இருக்கும் மெல்லிய சவ்வைத் துளைத்து நிணநீரிலும் ரத்தத்திலும் இறங்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே சாகும். பிழைத்தவை அக்குள் நெறிகட்டியிலும், அப்புறம் எலும்பு, நுரையீரல், கல்லீரலிலும் குடியேறலாம். அங்கே போனாலும் அது மார்புப் புற்றுதான், மருந்தும் அதற்கேற்பத்தான்.

மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். எது எதுவென்று கையால் தடவிச் சொல்ல யாராலும் முடியாது. மாமோகிராம் (மார்பு எக்ஸ்ரே), ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதனை என்று இந்த வாரமே தொடங்கட்டும்.

ஊசி குத்தினாலோ கத்தி பட்டாலோ புற்று பரவிவிடும் என்கிறார்களே? (தொண்டி)

முற்றிய நிலையில் வந்து, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்து ஊர் கட்டிய முடிவு அது. பரவியிருந்ததால்தான் மூடினார்கள், திறந்ததால் பரவவில்லை. பயாப்ஸி, அதாவது துண்டு எடுத்துச் சோதிப்பதற்கான ஊசி எடுப்பது நூல் தடிமனில், 1 முதல் 2 செ.மீ. நீளமுள்ள துண்டு. ஊசித் தடத்தில் செல் சிந்துவது அபூர்வம். விதிவிலக்கும் உண்டு: விதைப்பையில் புற்று என்று சந்தேகித்தால் பை வழியாக ஊசி போடுவதில்லை.

பயாப்ஸி செய்யாமல் கட்டியை வெறுமனே அறுத்து வீசுவதுதான் தவறு. எடுத்த துண்டு 10 சதவீத பார்மலினில் பரிசோதனைக்கூடம் போக வேண்டும். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், மதுரையோ அடையாறோ எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தினமும் கருவாடு சாப்பிடுகிறோம். அதிலே புற்று வருமாமே? (மண்டபம்)

இந்தப் பேச்சுக்கு மூலம் தென் சீனம். அங்கே உப்பிடும் ஒருவகை மீன், சிறுவயதிலிருந்தே ஊட்டப்படுவது, மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் புற்று உண்டாக்கும் என்பது நிரூபணமானது. அதை அப்படியே நம் நெத்திலிக்கும் பாறைக்கும் பொருத்த முடியாது. ஆனால் உப்பு விஷயத்தில் நாம் தப்ப முடியாது. அதிக உப்பு இரைப்பையின் உள்சவ்வை அரிக்கும்; அங்கே ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தால் புண் ஆறாமல் ஆண்டுக்கணக்கில் போய், இரைப்பைப் புற்றுக்கு வழிவிடும்.

வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசுங்கள். குழம்புக்குத் தனியே உப்புப் போடாதீர்கள். வாரம் ஒன்றிரண்டு நாள் போதும். பால்குடி மறக்கும் குழந்தைக்குச் சோற்றில் பிசைந்து கொடுப்பது வேண்டாம்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மிளகாய் வற்றலைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாமா? (சாயல்குடி)

கூடாது. பூஞ்சையைக் கழுவலாம், அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு போகாது. வறுத்தாலும் முழுதாக அழியாது. கல்லீரலில் அது பி53 என்ற நங்கூர மரபணுவைக் குறிவைத்துக் கெடுக்கிறது. மஞ்சள் காமாலை பி வைரஸ் ஏற்கெனவே உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்க்கும் இதே விதிதான். தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காயவைத்து, குலுக்கினால் விதை சலசலக்கும் பதத்தில் மூட்டை கட்டுங்கள். கடற்காற்றின் ஈரம் ஏறாதபடி, மூட்டைக்கு அடியில் பலகை போடுங்கள்.

மகளுக்கு 11 வயது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி இப்போதே எதற்கு? (இராமேஸ்வரம்)

இந்தப் புற்றை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் உடலுக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பலன். அந்த வைரஸ் தன் இரண்டு புரதங்களால் செல்லின் இரண்டு நங்கூரங்களை நேரடியாக அறுக்கிறது. பெரும்பாலோருக்கு 2 வருடத்துக்குள் தானே விலகிவிடும். தங்கிவிட்டால் 10, 20 வருடத்தில் புற்றாகலாம். 9 முதல் 14 வயதுவரை 6 மாத இடைவெளியில் 2 ஊசி, 15-க்கு மேல் 3 ஊசி என்பது வழக்கமான அட்டவணை; 20 வயதுவரை 1 ஊசியும் போதும் என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் சொல்லிவிட்டது.

உங்களுக்கு 30 கடந்திருந்தால் நீங்களும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கட்டத்திலேயே அதை அகற்றிவிடலாம், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்காமலே.

புற்று உள்ளவர் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் கட்டி வாடுமா? (பெரியபட்டினம்)

வாடாது. புற்றுசெல் குளுக்கோஸை நிறைய இழுக்கும் என்பது உண்மை. நீங்கள் இனிப்பை நிறுத்தினாலும் உடல் சோற்றிலிருந்தும் தசையிலிருந்தும் குளுக்கோஸ் செய்துகொள்ளும். கருப்பட்டியும் சர்க்கரைதான், பனையிலிருந்து வந்தது என்பதுதான் வித்தியாசம். சிகிச்சை நடக்கும்போது எடை குறைவதுதான் பெரிய கெடுதல். மீன், முட்டை, பருப்பு நன்றாகக் கொடுங்கள். காப்பிக்கு எதைப் போடுவதென்பது அவர் விருப்பம், நீரிழிவு இல்லாதவரை.