பின்கட்டு அறையில் அறுந்துபோகும் காணொளி அழைப்புகள்

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலறையில் ரவுட்டர் இருப்பதாகவும், மூன்று சுவர்கள் தாண்டிய பின்கட்டில் அமர்ந்து வேலை செய்கையில் அலுவலகக் கூட்டங்கள் அறுந்துபோவதாகவும், அதனால் கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மாறாதீர்கள். ரவுட்டரின் அருகிலேயே அமர்ந்து ஓர் அழைப்பில் பேசிப் பாருங்கள். அங்கே தடங்கல் இல்லையென்றால், குறை இணைப்பில் அன்று, சுவர்களில்தான் இருக்கிறது.

ரவுட்டரின் வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தடித்த செங்கல் சுவர்களைக் கடக்கையில் 2.4-ஐவிட விரைவாக வலுவிழக்கும் என்பதால், மடிக்கணினியை 2.4-க்கு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் வீடுகள் ஒட்டி நிற்கும் நம் வடசென்னைத் தெருக்களில் அண்டை வீட்டு ரவுட்டர்களும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். ஆகவே அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில், ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்ததை ரவுட்டர் அமைப்பில் தேர்ந்தெடுங்கள்.

நாள் முழுவதும் கூட்டங்களில் இருப்பவருக்கு ரவுட்டரையும் மடிக்கணினியையும் நேரடியாக இணைக்கும் லேன் கேபிளே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. கேட் 6 வகை லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், எவ்வளவு நீண்ட வீடானாலும் கவலையில்லை; மின்கம்பிகளிலிருந்து சற்று விலக்கிச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில், யூஎஸ்பி துளையில் செருகி லேன் கேபிளை இணைக்க உதவும் அடாப்டர் கிடைக்கும்.