மகனின் சிகிச்சைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஒரு வருடத்துக்கு முன் ஆட்டிசம் என்று சொன்னார்கள். கணவர் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பிடித்தம் போக ரூ.58,000 வருகிறது. பையனைப் பார்த்துக்கொள்ள, ரூ.22,000 சம்பளத்தில் இருந்த பள்ளி வேலையை நான் விட்டுவிட்டேன். தெரபிக்கு மாதம் ரூ.16,000, வாடகை ரூ.11,000. வங்கி டெபாசிட் 3.5 லட்சம், 22 பவுன் நகை, பையன் பெயரில் மாதம் ரூ.4,000 கட்டும் எண்டோவ்மென்ட் பாலிசி, இவ்வளவுதான் சேமிப்பு. ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் பேச்சு வந்துவிடும், 4 லட்சம் ஆகும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? மாமனார் தன் 3 சென்ட் இடத்தைப் பேரன் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கக் கணவருக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: வேண்டாம், சகோதரி. அந்த நகையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதில் மருத்துவர்களின் அமைப்புகளே தெளிவாகப் பேசியிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்றவை தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைப்பது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022இல் சொன்னது. முறையான ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால், அதற்காக உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட மாட்டானா என்று ஏங்கும் வீட்டில் போய் 4 லட்சம் கேட்கிறார்களே என்று நினைக்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

கணக்கையும் பார்ப்போம். வங்கி நகைக்கடனுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 4 லட்சத்துக்கு மாதம் ரூ.3,000 வட்டி மட்டுமே போகும். அந்த ரூ.3,000 இருந்தால் பேச்சுப் பயிற்சியை ஆண்டு முழுக்கத் தடையில்லாமல் நடத்த உதவும். முதல் இரண்டு மூன்று வருடங்களிலேயே கையிருப்பு அத்தனையையும் கொட்டிவிட்டு, பையன் பள்ளிக்குப் போகும் வயதில் கடனோடு நிற்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு நாற்பது வயதாகும்போதும் பணம் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அடுத்து சான்றிதழ். உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பிள்ளை மீது முத்திரை குத்துவது போல அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை உறவினர்களிடம் காட்ட வேண்டியதில்லை. பீரோவில் இருக்கட்டும். அது இல்லாமல் அரசு தரும் பெரும்பாலான கதவுகள் திறக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனிப் பிரிவாகவே ஏற்றிருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எந்த மருத்துவமனைக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்வார்கள். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு உங்கள் மகன் தகுதி பெறுகிறானா என்பதையும் அங்கேயே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டையும் வாங்கிவிடுங்கள்.

அட்டை வந்ததும் முதலில் 'நிராமயா' காப்பீடு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, சேரும் கட்டணம் சில நூறு ரூபாய்தான். தெரபி செலவுக்கும் அதற்குள் ஒரு பங்கு உண்டு. பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தெரபிக்கும் சீல் போட்ட ரசீது வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் மையமானால் மாற்றிவிடுங்கள்.

அந்த மாதம் ரூ.16,000 பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா? பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் தெரபி தருபவர்களும் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள 'விழுதுகள்' சேவை மையம் பக்கத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள் தனியாரிடம் என்று பிரித்தாலே செலவு கணிசமாக இறங்கும். அப்புறம், அங்கே சொல்லித் தருவதை வீட்டில் எப்படித் தொடர்வது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே அவன் மையத்தில் இருக்கிறான், மற்ற நேரமெல்லாம் உங்களோடுதான்.

வரிச் சலுகை பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள். மாற்றுத்திறனாளி பிள்ளை உள்ளவர்களுக்கு, 80டிடி என்ற பெயரில் நமக்குப் பழக்கமான வருமானக் கழிவு 75,000 ரூபாய், கடுமையான பாதிப்பானால் 1,25,000. ஆனால் அது பழைய வரி முறையில்தான். உங்கள் கணவரின் சம்பளத்துக்குப் புதிய முறையிலேயே வரி வராது. எனவே அதற்காக அலைய வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது காப்பீடுதான். சம்பாதிக்காத பிள்ளை பெயரில் பாலிசி இருக்கிறது, சம்பாதிப்பவருக்கு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கணவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி, அதாவது அவருக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, எடுங்கள். அவர் வயது முப்பதுகளில் இருந்து, உடல்நலமும் நன்றாக இருந்தால், மாதம் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் முடியக்கூடும். விண்ணப்பிக்கும்போதே 1874ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் உங்களைப் பயனாளியாகப் போடச் சொல்லுங்கள். அப்போது கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு எண்டோவ்மென்ட் பாலிசியின் சரண்டர் மதிப்பையும் (இப்போதே முடித்தால் கிடைப்பது) பெய்டு-அப் மதிப்பையும் (மேலே கட்டாமல் விட்டால் முதிர்வில் கிடைப்பது) எழுத்தில் வாங்கிப் பார்த்து நிறுத்துங்கள். மிச்சமாகும் பணம் பையனுக்கான நீண்டகாலச் சேமிப்புக்குப் போகட்டும். டெபாசிட்டைத் தொடாதீர்கள், அது அவசரத்துக்கு. கணவரின் பி.எஃப். கணக்கில் மகனின் விவரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமான முழு இயலாமை உள்ள பிள்ளைக்கு வயது வரம்பில்லாத ஓய்வூதியம் உண்டு. பிற்காலத்தில் தேவைப்பட்டால் அதற்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.

உங்கள் வேலை பற்றி. விட்டது தவறு என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் ரூ.22,000 என்பது தெரபி செலவைவிட அதிகம். அவன் காலையில் பள்ளிக்கோ மையத்துக்கோ போகத் தொடங்கியதும் அரை நாள் வேலையோ வீட்டிலேயே டியூஷனோ முயன்று பாருங்கள்.

மாமனாரின் மனசு பெரியது. ஆனால் இடத்தை நேரடியாகப் பேரன் பெயரில் எழுத வேண்டாம். மைனரின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி தேவை. 18 வயதானபின் சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர், அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அப்போது தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் பெற வேண்டியிருக்கும். இப்போதைக்கு மாமனார் உயில் எழுதட்டும். பேரனின் நலனுக்காக, நம்பிக்கையானவர்கள் சொத்தை நிர்வகிக்கும் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு (பிரைவேட் டிரஸ்ட்) இடம் போகும்படி அதை எழுதலாம். நல்ல வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று, இதற்குக் காசு தேவையில்லை. ஒரு நோட்டில் அவன் என்ன சாப்பிடுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், அழும்போது எப்படி அடங்குவான், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதி, சான்றிதழ் நகல்களோடு வைத்திருங்கள். உங்களுக்கு நம்பிக்கையான அண்ணனோ நாத்தனாரோ யாராவது ஒருவருக்கு அந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.