"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று துதித்துப் புத்தாண்டைத் தொடங்குகிறீர்களே, அந்த வருடமே மோசமாகப் போனால் என்ன சொல்வீர்கள்?

எனக்கு அப்படி ஒரு வருடம் வந்தது. 2020. அதனால் என் வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு அறுபது சென்ட் மல்லிகைத் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் முப்பதுக்குள்தான் இருக்கும். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் வழியாக வளர்ந்த சபை எங்களுடையது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்தது.

டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு ஆலய மணி அடிக்கும். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எல்லாரும் முழங்கால்படியிடுவோம். வருடம் பிறக்கிற நொடியில் ஒருவரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். மறுபடி மணி அடித்ததும் ஸ்தோத்திரம், பாட்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்து. அப்புறம் வாக்குத்தத்த அட்டை. ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருடத்துக்கு நம் கையில்.

ஆராதனை முடிய 1.30 மணி ஆகிவிடும். சிலர் வீட்டுக்குப் போய் நல்ல துணியை மாற்றிக்கொண்டு, நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டி, நேராகத் தோட்டத்துக்குப் போவார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து, விடியும்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் வரத்து குறைவு என்பதால் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைக்கூடத் தாண்டும். சித்திரை, வைகாசியில் அதே பூ 200, 300 என்று இறங்கிவிடும்.

எங்கள் அப்பா மட்டும் அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகமாட்டார். போனாலும் அங்கே பறிக்க ஒன்றும் இருக்காது. கார்த்திகை முடிவதற்குள் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து பண்ணிவிடுவார். இலையெல்லாம் உருவி, எரு வைத்து, தண்ணீர் பாய்ச்சி விட்டுவிடுவார். மாசி கடைசியில்தான் மொட்டு தலைகாட்டும், பங்குனியில் இருந்து நன்றாக வரும். கவாத்து பண்ணாமல் விட்டால் மார்கழியில் நாலு காசு பார்க்கலாம், ஆனால் கோடையில் செடி காய்க்காத மரம் மாதிரி நிற்கும் என்பார். ஆகவே எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து எங்கள் வீட்டுப் புத்தாண்டு என்றால் வெறும் குச்சியாக நிற்கிற தோட்டமும், வரவே இல்லாத இரண்டு மாதமும்தான். அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் துதிக்கப் போவோம்.

அப்பாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. கமிஷன் கடையில் தருகிற பூச் சீட்டுகளை எல்லாம் சுவரில் மாட்டிய ஒரு வளைந்த கம்பியில் குத்தி வைப்பார். டிசம்பர் 31 சாயங்காலம் அந்தக் கம்பியை இறக்கி, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதியையும் கிலோவையும் வாசித்து, நோட்டில் மொத்தம் போடுவார். வரவில் பத்தில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொடுக்கிற தசமபாகத்தில் பாக்கி ஏதாவது இருந்தால் எடுத்து உறையில் வைப்பார். பிறகு காலிக் கம்பியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். பழைய வருடத்துக்கு நன்றி சொல்லாமல் புது வருடத்துக்குக் கேட்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

2020 பிறந்த அன்று நான் எடுத்த அட்டையில் பிலிப்பியர் 4:19 இருந்தது. தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்கிற வசனம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தேன். அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பிப் போனேன்.

மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது செடிகளில் மொட்டு குலுங்கிக்கொண்டிருந்தது. மாட்டுத்தாவணிக்குப் பூ கொண்டுபோக வழியில்லை. கோயில்கள் பூட்டியாயிற்று, கல்யாணங்கள் நின்றன, அந்த வருடம் சித்திரைத் திருவிழாவும் இல்லை. மதுரையில் இதெல்லாம் இல்லை என்றால் மல்லிகை யாருக்கு? நான் திருப்பூரிலிருந்து ஊர் வந்து சேர்ந்திருந்தேன், சம்பளமும் நின்றுவிட்டது. பூவைச் செடியிலேயே விட்டால் செடி கெட்டுப்போகும் என்று நானும் அம்மாவும் பறித்துக் குழியில் கொட்டினோம். தெரு முழுக்க மணந்தது. அந்த வாசனை வந்தாலே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஏப்ரல் 12, ஈஸ்டர். ஆலயத்துக்குப் போக முடியவில்லை. வீட்டில் ஜெபம் முடிந்ததும் அந்த அட்டையை எடுத்து அம்மா முன்னால் வைத்தேன். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவரு பாத்துக்கிருவாரு தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம், சபையில் நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற ஒருவர் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கோடு வந்தார். பிடியரிசி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை ஏலம் விட்டு வருகிற பணம் ஊழியத்துக்குப் போகும். ஊரடங்கில் ஆலயம் பூட்டியிருந்ததால் அரிசி வீடுகளிலேயே தங்கிவிட்டது. பெரியம்மா வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து, வரவு நின்றுபோனவர்களுக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு எட்டுப் படி.

அம்மா வாங்கத் தயங்கினார். இருபது வருடமாகப் பிடியரிசி போட்ட கை அது, வாங்கிப் பழகவில்லை. "நீ போட்டதுதான்டி இதுல இருக்கு, ஏனத்தை எடு" என்று பெரியம்மா அதட்டிய பிறகுதான் உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்து வந்தார். எங்கள் தோட்டத்தில் பூப் பறிக்கிற அக்காமார் ஆறு பேர். ஒருவரும் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. அவர்களுக்கும் அன்றைக்கு அளந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வசனத்தை அட்டையில் மட்டும் படிக்காமல் நிருபத்தில் வைத்துப் படித்தேன். அப்போஸ்தலர் பவுல் காவலில் இருக்கும்போது பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதம் அது. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்கிற இடத்தில்தான் இந்த வரி வருகிறது. அதற்குச் சற்று முன்னால்தான் பட்டினியாய் இருக்கவும் நிறைவாய் இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். நான் அதுவரை அந்த வரியை மட்டும் பிய்த்து எடுத்துப் பர்ஸில் வைத்திருந்தேன். இந்த வருடம் இரட்டிப்பான வருமானம், புது வீடு, புதுக் கார் என்று மேடையில் வாக்களிக்கிறவர்களோடு எனக்கு இன்றும் ஒத்துப்போகவில்லை. வேதம் அப்படிச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. அதை நம்பி மனம் உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட "பார்த்துக்கொள்வார்" என்ற சொல்லுக்கும் வருகிறேன். ஆதியாகமம் 22-ல் பலியிட மலைக்குப் போகிற வழியில், நெருப்பும் விறகும் இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே என்று ஈசாக்கு கேட்கிறான். தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார் அவன் அப்பா ஆபிரகாம். அந்த இடத்துக்கு யேகோவாயீரே, அதாவது கர்த்தர் பார்த்துக்கொள்வார், என்று பெயர் வைத்ததும் அதனால்தான். எபிரெயுவில் அங்கே இருக்கிற வினை 'பார்' என்பதுதான். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் "பந்திய நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் அங்கேயே நிற்கிறார், ஒவ்வொரு இலையிலும் அவர் கண் இருக்கிறது என்று அர்த்தம். சாம்பார் குறையலாம், பாயசம் தாமதமாக வரலாம். ஆனால் நம் இலையைக் கவனிக்க ஆள் இருக்கிறது. நான் ஜனவரி 1-ல் துதிப்பது அதற்காகத்தான்.

அந்த வருடம் டிசம்பர் 31 சாயங்காலம் அப்பா கம்பியை இறக்கினார். சீட்டுகள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். பூச் சீட்டுகளுக்கு இடையில் நோட்டுத் தாளைக் கிழித்து அம்மா எழுதிக் குத்தி வைத்த துண்டுகள் இருந்தன. "அரிசி எட்டுப் படி." "ஆட்டோத் தம்பி சுகர் மாத்திரை வாங்கித் தந்தது, காசு வாங்கல." "கமிஷன் கடைக்காரர் அட்வான்சை இப்போ கேக்கல." "மகன் வீட்டில் எட்டு மாசம்." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக நோட்டில் ஏற்றினார். தொகை எழுதுகிற இடத்தில் ஸ்தோத்திரம் என்று போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கம்பியில் இரண்டு வகைச் சீட்டும் ஏறுகிறது. கஷ்டத்தில் இருக்கிற ஒருவர், புத்தாண்டை எப்படித் துதியோடு தொடங்குவது என்று என்னிடம் கேட்டால் ஒரு கம்பியும் பழைய நோட்டும் போதும் என்பேன். கடந்த வருடத்தில் வந்ததை முதலில் எழுதட்டும். எழுத உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் ஒன்றுமே தோன்றாது, எனக்கும் அப்படித்தான். பிறகு ஒவ்வொன்றாக வரும்.

இந்த வருடமும் கவாத்து முடிந்து தோட்டம் குச்சியாக நின்றது. ஆராதனை முடிந்து தூங்கி எழுந்து பார்த்தபோது காலிக் கம்பியில் முதல் சீட்டு ஏறியிருந்தது, அம்மாவின் கையெழுத்தில்: "ஜனவரி 1. கெணத்துல தண்ணி ஏழாம் படில நிக்கிது."