முட்டிக்குப் பின்னால் வலி: காரணம் தெரியாமல் உருவிவிடாதீர்கள்

முழங்காலின் பின்பக்கம் வலிக்கிறது, மடக்கினால் இறுக்கிப் பிடிக்கிறது, எதனால், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலவே 'தானாகச் சரியாகிவிடும்' என்று நாள் கடத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, ஆசிரியை. அப்புறம் எதற்குப் பதில் எழுதுகிறாய் என்று யாராவது கேட்கலாம். எட்டு மாதம் இந்த வலியோடு இருந்தவள், அதனால்தான்.

எனக்கு முதலில் வெறும் இறுக்கம்தான். ஒருநாள் தடவிப் பார்த்தபோது முட்டிக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவில் ஏதோ தட்டுப்பட்டது. காலை நீட்டினால் கெட்டியாக இருக்கும், மடக்கினால் இளகிவிடும். ஆளாளுக்கு 'நரம்பு இழுத்திருக்கிறது' என்றார்கள். நானும் நம்பினேன். பிறகு ஒரு மாலை படியேறும்போது சுருக்கென்று வலித்து, கெண்டைக்காலுக்குள் வெந்நீர் இறங்குவது போல இருந்தது. காலையில் பார்த்தால் அந்த ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. அக்கா தைலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, தொட்டாலே உயிர் போனதால் உருவ விடவில்லை.

டாக்டர் இரண்டு கெண்டைக்கால்களையும் டேப் வைத்து அளந்தார். "முதலில் ரத்தக்கட்டி இல்லை என்று தெரிய வேண்டும்" என்று அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்தாலும் இப்படித்தான் வீங்குமாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனக்கு இருந்தது பேக்கர் சிஸ்ட் என்னும் நீர்க்கட்டி, அது உடைந்திருந்தது. மூட்டுத் தேய்மானத்தாலோ ஜவ்வு கிழிந்தாலோ மூட்டுக்குள் நீர் அதிகமாகி, பின்பக்கமாகப் பிதுங்குவதுதான் இந்தக் கட்டி. வலி பின்னால், கோளாறு மூட்டுக்குள். இது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

உங்களுக்கும் இதேதான் என்று சொல்லவில்லை. ஓடும்போது பின்தொடைத் தசைநார் பிடித்திருக்கலாம், கெண்டைத் தசை கிழிந்திருக்கலாம், இடுப்பிலிருந்து வரும் நரம்பு வலியாகவும் இருக்கலாம்.

எனக்கு ஓய்வு, துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், வீக்கம் வடிந்ததும் முன்தொடைத் தசைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். ஊசியால் நீரை எடுக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் காரணம் தீராவிட்டால் மறுபடியும் சேரும் என்றார் டாக்டர். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் நாளாக ஆகக் கால் முழுதாக நீட்ட வராமல் போகலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நின்றே பாடம் நடத்த வேண்டும் என்று பள்ளியில் வகுப்பறை நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகும் ஒரு நாற்காலி வாங்க மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் புரியாதா? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகென்றால், இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.